நகராத நீலப் புள்ளி: செயலியில் ஜிபிஎஸ் இருப்பிடம் புதுப்பிக்கப்படாவிட்டால் எங்கே தேடுவது

"லொகேஷன் அப்டேட் ஆகவில்லை" என்று ஒரே வரியில் புகார் வரும். கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். அதில் நீலப் புள்ளி ஏதோ ஒரு தெருமுனையில் அசையாமல் நிற்கும். அதைப் பார்த்ததும் பல டெவலப்பர்கள் செய்கிற முதல் காரியம், புதுப்பிக்கும் இடைவெளியைக் குறைப்பது. 10 வினாடி என்று இருந்ததை 1 வினாடி ஆக்குவார்கள். பேட்டரி வேகமாகத் தீரும். புள்ளி அங்கேயேதான் நிற்கும்.

ஒரு இருப்பிடம் திரைக்கு வருவதற்குள் ஐந்து கை மாறுகிறது. செயற்கைக்கோள் சிக்னலைப் பிடித்து போனின் சிப் கணக்குப் போடுகிறது. இயங்குதளம் அதை வாங்கி, எந்தச் செயலிக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவெடுக்கிறது. செயலி அதைப் பெற்று சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் சேமிக்கிறது. கடைசியில் வரைபடம் வரைகிறது. இதில் எங்கே அறுந்தாலும் பயனர் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான். ஆகவே எங்கே அறுந்தது என்று தெரியும் வரை நிரலில் ஒரு வரியைக்கூட மாற்றாதீர்கள். கீழே உள்ள வரிசை அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பதற்கானது.

படி 1: புகாரைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பயனரிடமோ சோதனையாளரிடமோ முதலில் கேட்க வேண்டியது, "வரவில்லை" என்றால் எப்படி வரவில்லை என்பதை.

ஒரு முறைகூட வரவே இல்லை என்றால் அனுமதி, லொகேஷன் சுவிட்ச், சிப் ஆகிய மூன்றில் ஒன்று. வந்துகொண்டிருந்தது, திரையை அணைத்ததும் நின்றுவிட்டது என்றால் பேக்ரவுண்ட் கட்டுப்பாடு, அதாவது திரையில் இல்லாத செயலிக்கு இயங்குதளம் போடும் தடை. வருகிறது, ஆனால் சில நிமிடங்கள் தாமதமாகக் கொத்தாக வருகிறது என்றால் தொகுப்பு அமைப்பு (இருப்பிடங்களைச் சேர்த்து வைத்து ஒன்றாகத் தருவது) அல்லது நெட்வொர்க். வருகிறது, ஆனால் ஓரிரு கிலோமீட்டர் தள்ளிக் காட்டுகிறது என்றால் பெரும்பாலும் பயனர் "தோராயமான இருப்பிடம்" என்பதைத் தேர்ந்தெடுத்திருப்பார். நிற்கும் இடத்திலேயே புள்ளி குதிக்கிறது என்றால் சிக்னல் தரம், அதை வடிகட்டாத நிரல்.

இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் புகார்கள் எந்தப் படிக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிடும். கேட்காமல் தொடங்கினால் எல்லாப் படியும் ஏற வேண்டியிருக்கும்.

படி 2: மூன்று நேரங்களையும் லாக்கில் எழுதுங்கள்

முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு இருப்பிடத்துக்கும் மூன்று நேரங்கள் உண்டு: அது கணிக்கப்பட்ட நேரம், செயலியின் கால்பேக்குக்கு (இருப்பிடம் வந்ததும் இயங்கும் நிரல் பகுதி) வந்த நேரம், சர்வர் பெற்றுக்கொண்ட நேரம். பல செயலிகள் கடைசி ஒன்றை மட்டுமே சேமிக்கின்றன. அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றையும் துல்லிய மதிப்போடு சேர்த்து எழுதினால் லாக் (செயலி எழுதிவைக்கும் பதிவு) இப்படி இருக்கும். வரிசை: கணித்தது, செயலிக்கு வந்தது, சர்வருக்குப் போனது, துல்லியம்.

10:42:05 | 10:42:05 | 10:42:06 | 6 மீ
10:42:15 | 10:42:15 | 10:42:16 | 5 மீ
10:42:25 | 10:49:31 | 10:49:33 | 8 மீ
10:42:35 | 10:49:31 | 10:49:33 | 8 மீ
10:42:45 | 10:49:31 | 10:49:33 | 7 மீ

மூன்றாவது வரியைப் பாருங்கள். சிப் தன் வேலையைப் பத்து வினாடிக்கு ஒரு முறை ஒழுங்காகச் செய்திருக்கிறது. ஆனால் செயலிக்கு ஏழு நிமிடம் கழித்துத்தான் எல்லாம் மொத்தமாக வந்து விழுந்திருக்கிறது. இங்கே ஜிபிஎஸ்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. இயங்குதளம் செயலியை உறைய வைத்திருக்கிறது, அல்லது நீங்களே கோரிக்கையில் "சேர்த்து வைத்துக் கொடு" என்று சொல்லியிருக்கிறீர்கள்.

வேறு மூன்று கோலங்களும் அடிக்கடி வரும். முதல் நெடுவரிசையிலேயே இடைவெளி விழுந்தால், அந்த நேரத்தில் சிப் கணிக்கவே இல்லை: சிக்னல் இல்லை, அல்லது இயங்குதளம் நிறுத்திவிட்டது. முதல் இரண்டும் சரியாக இருந்து மூன்றாவது மட்டும் பின்தங்கினால் நெட்வொர்க். முதல் நெடுவரிசையில் ஒரே நேரம் திரும்பத் திரும்ப வந்து, இரண்டாவது மட்டும் நகர்ந்தால், உங்கள் செயலி பழைய சேமிப்பிலிருந்து எடுத்த அதே இருப்பிடத்தைப் புதிது என்று நம்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது.

ஒரு நுணுக்கம்: பயனர் போனின் கடிகாரத்தைக் கையால் மாற்றியிருந்தால் இந்தக் கணக்கு எல்லாம் குழம்பும். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு இருப்பிடத்தோடும், போன் இயங்கத் தொடங்கியதிலிருந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதும் நானோ வினாடியில் வரும். இருப்பிடம் எவ்வளவு பழையது என்று கணக்கிட அதைப் பயன்படுத்துங்கள். கடிகாரத்தை யார் மாற்றினாலும் அது பாதிக்கப்படாது.

படி 3: போனைச் சந்தேகத்திலிருந்து விடுவியுங்கள்

உங்கள் செயலியை மூடிவிட்டு, வானம் தெரியும் இடத்தில் நின்று, போனில் ஏற்கெனவே இருக்கும் மேப் செயலியைத் திறந்து பாருங்கள். அதிலும் புள்ளி வரவில்லை என்றால் உங்கள் நிரலில் தேட ஒன்றும் இல்லை. அதில் வந்து உங்களிடம் வரவில்லை என்றால் சிப் நன்றாக இருக்கிறது, அடுத்த படிக்குப் போகலாம்.

இங்கே பொறுமை வேண்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. தரைக்கு வரும்போது சிக்னல் மிகவும் மெலிந்துபோயிருக்கும். கான்கிரீட் கூரை, உலோகப் பூச்சு உள்ள கண்ணாடி, உலோக போன் உறை எல்லாமே அதைத் தடுக்கப் போதும். உயரத்தையும் சேர்த்துக் கணிக்க நான்கு செயற்கைக்கோள்களாவது தெரிய வேண்டும். தவிர, ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை வினாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது. தேவையான பகுதி 30 வினாடிக்கு ஒரு முறை திரும்ப வரும். போன் இணையம் வழியாக இந்த விவரத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்வதால்தான் நமக்குச் சில வினாடியில் இருப்பிடம் கிடைக்கிறது. இதைத்தான் ஏ-ஜிபிஎஸ் என்கிறார்கள். ஏரோப்ளேன் மோடில் வைத்தோ டேட்டா இல்லாமலோ சோதித்தால் அந்த உதவி கிடைக்காது. வெகுநாள் அணைந்து கிடந்த போன் முதல் இருப்பிடத்துக்கு அரை நிமிடத்துக்கு மேல் எடுப்பது கோளாறு ஆகாது. செயலியில் 10 வினாடி டைம்-அவுட் வைத்துவிட்டு "ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை" என்று பிழைச்செய்தி காட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, எல்லாச் சாதனத்திலும் ஜிபிஎஸ் இருக்காது. வைஃபை மட்டும் உள்ள ஐபேட் மாடல்களில் ஜிபிஎஸ் சிப் கிடையாது; அவை சுற்றியுள்ள வைஃபை ரவுட்டர்களை வைத்து இடத்தை ஊகிக்கின்றன. ரவுட்டர் இல்லாத நெடுஞ்சாலையில் அதில் புள்ளி நகராது. கூகுள் பிளே சர்வீஸஸ் இல்லாத ஆண்ட்ராய்டு போன்களில் ஜிபிஎஸ், வைஃபை, செல் டவர் எல்லாவற்றையும் சேர்த்து இடம் கணிக்கும் கூகுளின் ஃபியூஸ்டு லொகேஷன் புரவைடர் கிடைக்காது. அந்த ஒன்றையே நம்பி எழுதிய செயலி அங்கே ஊமையாகிவிடும்.

படி 4: அனுமதி, எந்த அளவுக்கு?

"பெர்மிஷன் கொடுத்துவிட்டேன்" என்று பயனர் சொன்னால் நம்புங்கள், ஆனால் எந்தப் பெர்மிஷன் என்று கேளுங்கள். இது ஒரு காலத்தில் ஆம், இல்லை என்று இருந்தது. இப்போது அனுமதியில் நேரம், துல்லியம் என்று இரண்டு அளவுகள் இருக்கின்றன.

ஆண்ட்ராய்டு 10 பேக்ரவுண்ட் இருப்பிடத்தைத் தனி அனுமதியாகப் பிரித்தது. ஆண்ட்ராய்டு 11 "இந்த முறை மட்டும்" என்பதைக் கொண்டுவந்தது. வெகுநாள் திறக்காத செயலியின் அனுமதியைத் தானாகவே திரும்பப் பெறவும் தொடங்கியது. "போன மாதம் வரை நன்றாக இருந்தது" என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கும். ஆண்ட்ராய்டு 12 துல்லியமானது, தோராயமானது என்று பயனரையே தேர்ந்தெடுக்கச் சொன்னது. தோராயம் என்று தேர்ந்தெடுத்தால் சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ ஒரு புள்ளிதான் உங்களுக்குக் கிடைக்கும். டெலிவரி, டாக்ஸி மாதிரியான செயலிக்கு அது எதற்கும் உதவாது.

டெவலப்பர் பக்கத்தில் இரண்டு பொறிகள். ஆண்ட்ராய்டு 12-ஐ இலக்காகக் கொண்ட செயலி, துல்லிய அனுமதியை மட்டும் தனியே கேட்கக் கூடாது. தோராய அனுமதியையும் சேர்த்தே கேட்க வேண்டும். தனியே கேட்டால் சில பதிப்புகளில் கோரிக்கையே புறக்கணிக்கப்படும், பயனருக்குப் பெட்டி எதுவும் தோன்றாது. இரண்டாவது பொறி இதற்கு நேர்மாறு. ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் இலக்காகக் கொண்ட செயலி, சாதாரண அனுமதியையும் பேக்ரவுண்ட் அனுமதியையும் ஒரே கோரிக்கையில் கேட்டால் இரண்டுமே கிடைக்காது. முதலில் சாதாரண அனுமதி. அது கிடைத்த பிறகு, ஏன் வேண்டும் என்று விளக்கிவிட்டு, பேக்ரவுண்டுக்காக செட்டிங்ஸ் பக்கத்துக்கு அனுப்புங்கள். பயனர் இரண்டு முறை மறுத்தால் ஆண்ட்ராய்டு 11 முதல் பெட்டி மறுபடி வராது. அதற்குப் பிறகு செயலி கேட்டுக்கொண்டே இருந்தாலும் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஐபோனில் கதை வேறு. செயலியின் அமைப்பு விவரங்கள் உள்ள இன்ஃபோ-பிளிஸ்ட் கோப்பில் எதற்காக இருப்பிடம் கேட்கிறோம் என்ற விளக்க வரி இல்லாவிட்டால் அனுமதிப் பெட்டி வராது; கன்சோலில் மட்டும் ஒரு எச்சரிக்கை ஓடும். "எப்போதும்" அனுமதி கேட்கும் செயலிக்கு, பயன்படுத்தும்போது என்பதற்கான வரியும் எப்போதும் என்பதற்கான வரியும் இரண்டும் வேண்டும். ஐஓஎஸ் 13 முதல் ஒரு நூதன நிலை உண்டு: செயலி "எப்போதும்" கேட்கும், பயனருக்கோ "பயன்படுத்தும்போது" என்ற பொத்தான்தான் தெரியும். அதை அழுத்தியதும் செயலிக்கு எப்போதும் கிடைத்துவிட்டதாகவே தகவல் வரும். உண்மையில் அது தற்காலிகம். பின்னால், பேக்ரவுண்டில் ஒரு இருப்பிட நிகழ்வு வரும்போதுதான் ஐஓஎஸ் பயனரிடம் உண்மையான கேள்வியைக் கேட்கும். நிரல் தரும் நிலையை மட்டும் பார்த்துவிட்டு "அனுமதி இருக்கிறது" என்று முடிவுக்கு வந்தால் இங்கே ஏமாறுவீர்கள். செட்டிங்ஸ் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்டு வாங்குவதே நல்லது.

ஐஓஎஸ் 14-இல் "துல்லியமான இருப்பிடம்" என்ற சுவிட்ச் வந்தது. அது அணைந்திருந்தால் பிழை எதுவும் வராது. மதிப்புகள் வரும், ஆனால் துல்லிய ஆரம் கிலோமீட்டர் கணக்கில் இருக்கும். படி 2-இன் லாக்கில் துல்லியத்தையும் எழுதச் சொன்னது இதற்காகவும்தான். வழிகாட்டும் நேரத்துக்கு மட்டும் முழுத் துல்லியத்தைத் தற்காலிகமாகக் கேட்க ஐஓஎஸ்ஸில் தனி வழி இருக்கிறது.

படி 5: நீங்கள் கேட்டது என்ன என்று பாருங்கள்

கோரிக்கையில் உள்ள நான்கு மதிப்புகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் ஏன் அப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

முதலாவது முன்னுரிமை. ஆண்ட்ராய்டில் "சமநிலை" என்று வைத்திருந்தால் கிடைப்பது ஏறக்குறைய 100 மீட்டர் துல்லியம். போன் பெரும்பாலும் வைஃபை, செல் டவரை வைத்தே சமாளிக்கும், ஜிபிஎஸ்ஸைத் தொடாது. அடுத்தது இடைவெளி. அது ஒரு வேண்டுகோள் மட்டுமே. அதைவிடத் தாமதமாகவும் வரலாம், வேறு செயலி கேட்டிருந்தால் சீக்கிரமாகவும் வரலாம்.

மூன்றாவதுதான் அதிகம் ஏமாற்றும்: குறைந்தபட்ச நகர்வு. அதை 50 மீட்டர் என்று வைத்துவிட்டு, மேசையில் போனை வைத்துக்கொண்டு "அப்டேட் வரவில்லை" என்று பார்த்துக்கொண்டிருந்தால் நாள் முழுக்க வராது. அதுதான் நீங்கள் கேட்டது. நகராமல் இருந்தாலும் "உயிரோடு இருக்கிறேன்" என்று சர்வருக்குத் தெரிய வேண்டுமானால், இருப்பிடத்திலிருந்து பிரித்து ஒரு தனித் துடிப்பை அனுப்புங்கள்.

நான்காவது தொகுப்பு நேரம். ஆண்ட்ராய்டில் அதிகபட்சக் காத்திருப்பு என்று ஒன்றைக் கொடுத்தால், இருப்பிடங்களைச் சேர்த்து வைத்து ஒரே கால்பேக்கில் பட்டியலாகத் தரும். பேட்டரிக்கு நல்லது. ஆனால் அந்தப் பட்டியலில் கடைசி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தூக்கி எறியும் நிரலை நிறையப் பார்க்கலாம். பாதை நேர்க்கோடுகளாக, வளைவுகளை வெட்டிக்கொண்டு போனால் இதைச் சந்தேகியுங்கள். ஐஓஎஸ்ஸிலும் பட்டியல்தான் வரும், பழையது முன்னால், புதியது கடைசியில். முதல் உறுப்பை எடுக்கிற நிரல் எப்போதும் ஒரு அடி பின்னாலேயே இருக்கும்.

இந்தப் படியில் இன்னும் இரண்டு. ஆண்ட்ராய்டில் "கடைசியாகத் தெரிந்த இருப்பிடம்" வெறுமையாக வரலாம். லொகேஷனை அணைத்துப் போட்டாலே அந்தச் சேமிப்பு அழிந்துவிடும். அதைக் கேட்டுவிட்டு, வெறுமை வந்தால் சும்மா இருக்கும் செயலிகள் உண்டு. ஒரு புதிய கணிப்பைக் கேட்க வேண்டிய இடம் அது. ஐஓஎஸ்ஸில் லொகேஷன் மேனேஜரை ஒரு செயற்கூறுக்குள் உள்ளூர் மாறியாக உருவாக்கினால், அந்தச் செயற்கூறு முடிந்ததும் அதுவும் நினைவகத்திலிருந்து போய்விடும். அறிகுறி வேடிக்கையானது: அனுமதிப் பெட்டி எட்டிப் பார்த்துவிட்டு, பயனர் தொடுவதற்குள் மறைந்துவிடும்.

படி 6: திரை அணைந்ததும் என்ன நடக்கிறது?

அதிக நேரத்தைத் தின்பது இதுதான். காரணம், போன் தயாரிப்பாளர்களும் இயங்குதளங்களும் ஆண்டுக்கு ஆண்டு பேக்ரவுண்ட் செயலிகளின் கழுத்தை இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். பயனர் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயமும்கூட.

ஆண்ட்ராய்டு 8 முதல், பேக்ரவுண்டில் இருக்கும் செயலிக்கு மணிக்குச் சில முறை மட்டுமே இருப்பிடம் கிடைக்கும். நீங்கள் 5 வினாடி கேட்டாலும் இதுதான். தொடர்ந்து வேண்டுமானால் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் வேண்டும், அதாவது நோட்டிஃபிகேஷன் பட்டையில் நிரந்தரமாக நிற்கும் அறிவிப்போடு இயங்கும் சேவை. அந்தச் சேவையின் வகை "லொகேஷன்" என்று மேனிஃபெஸ்டில் (செயலியின் விவரக் கோப்பு) அறிவித்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 14-ஐ இலக்காகக் கொண்டால், அந்த வகைக்கான தனி அனுமதி வரியும் மேனிஃபெஸ்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செயலி அந்த இடத்திலேயே விழும். விழுவது ஒரு வகையில் நல்லது. சத்தமில்லாமல் நிற்பதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

அப்படிச் சத்தமில்லாமல் நிற்கும் ஒரு சூழல்: செயலி திரையில் இருக்கும்போது சேவையைத் தொடங்கினால், "பயன்படுத்தும்போது" அனுமதியே போதும், திரையை அணைத்த பிறகும் இருப்பிடம் வரும். அதே சேவையை ஒரு புஷ் அறிவிப்பு வந்தோ, போன் ரீஸ்டார்ட் ஆகியோ, பேக்ரவுண்டிலிருந்து தொடங்கினால், ஆண்ட்ராய்டு 11 முதல் பேக்ரவுண்ட் அனுமதி இல்லாமல் இருப்பிடம் கிடைக்காது. ஆண்ட்ராய்டு 13 வரையான பதிப்பை இலக்காகக் கொண்ட செயலியில் சேவை ஓடும், நோட்டிஃபிகேஷன் தெரியும், இருப்பிடம் மட்டும் வராது. "சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை" என்ற புகார் வந்தால், அந்தச் சேவை எங்கிருந்து தொடங்கப்பட்டது என்று பாருங்கள்.

அப்புறம் டோஸ் என்ற ஆழ்தூக்க நிலை. ஆண்ட்ராய்டு 6-இல் வந்தது. போன் சார்ஜரில் இல்லாமல், அசையாமல், திரை அணைந்து சிறிது நேரம் கிடந்தால் நெட்வொர்க்கும் அலாரங்களும் நிறுத்தி வைக்கப்படும். இங்கே டெவலப்பர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்ளும் ஒரு வழி இருக்கிறது: லாக் பார்ப்பதற்காக போனை யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்திருப்பார்கள். கேபிள் சார்ஜ் செய்துகொண்டே இருக்கும். சார்ஜ் ஆகும் போன் டோஸுக்குள் போகாது. அலுவலக மேசையில் எல்லாம் வேலை செய்யும், பயனர் சட்டைப்பையில் நின்றுபோகும். கேபிளைக் கழற்றிவிட்டு, லாக்கைக் கோப்பில் எழுத வைத்துச் சோதியுங்கள். அல்லது ஏடிபி (கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக, சார்ஜர் இணைப்பு அற்றதாக போனை நம்பவைத்து, டம்ப்சிஸ் டிவைஸ்ஐடில் கட்டளையால் டோஸை வலிந்து தூண்டலாம். ஏடிபியில் டம்ப்சிஸ் லொகேஷன் என்று கேட்டால், அந்த நொடியில் எந்தெந்தச் செயலி எந்த இடைவெளியில் இருப்பிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பட்டியலே வரும். உங்கள் செயலி அதில் இல்லை என்றால் கோரிக்கையே உயிரோடு இல்லை.

பேட்டரி சேவர் இன்னொரு பக்கம். ஆண்ட்ராய்டு 9 முதல் அது இயங்கும்போது, திரை அணைந்ததும் இருப்பிடச் சேவையே நிறுத்தப்படலாம். இதற்கு நிரலில் மருந்து இல்லை. பேட்டரி சேவர் இயங்குகிறதா என்று பார்த்துப் பயனருக்குச் சொல்லத்தான் முடியும். சில தயாரிப்பாளர்களின் போன்களில் இவற்றுக்கு மேல் சொந்தமாக ஒரு பேட்டரி மேலாளரும் இருக்கும். ஃபோர்கிரவுண்ட் சர்வீஸைக்கூடக் கொன்றுவிடும். செட்டிங்ஸில் செயலியின் பேட்டரிப் பயன்பாட்டை "கட்டுப்பாடு இல்லை" என்று மாற்றுவது, தானாகத் தொடங்க அனுமதிப்பது, சமீபத்திய செயலிகள் திரையில் பூட்டி வைப்பது என்று போனுக்குப் போன் வழி மாறும். பயனருக்கான உதவிப் பக்கத்தில் மாடல் வாரியாக இதைப் படத்தோடு எழுதி வைத்தால் உங்கள் புகார்ப் பெட்டி பாதி காலியாகும்.

ஐஓஎஸ்ஸில் பட்டியல் சின்னது, ஆனால் கறாரானது. பேக்ரவுண்ட் மோடில் லொகேஷனைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். லொகேஷன் மேனேஜரில் பேக்ரவுண்ட் புதுப்பிப்பை அனுமதிக்கும் பண்பையும் இயக்க வேண்டும். அது இயல்பாக அணைந்தே இருக்கும். முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதை மட்டும் இயக்கினால் செயலி நொறுங்கும். மூன்றாவது, பலரும் கவனிக்காதது: "தானாக இடைநிறுத்து" என்ற பண்பு இயல்பாக இயங்கிக்கொண்டிருக்கும். பயனர் ஓரிடத்தில் நின்றுவிட்டார் என்று ஐஓஎஸ் நினைத்தால் புதுப்பிப்பை நிறுத்திவிடும். அவர் மறுபடி கிளம்பினாலும் அது தானாகத் தொடங்காது; செயலிதான் மீண்டும் தொடங்க வேண்டும். மதிய உணவு இடைவேளைக்குப் பிறகு தடம் காணாமல் போகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். தொடர்ந்து தடம் பிடிக்கும் செயலி என்றால் அதை அணைத்துவிட்டு, நிறுத்துவதை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியை மிச்சம் பிடிக்க, ஐஓஎஸ்ஸின் குறிப்பிடத்தக்க நகர்வு சேவையைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: 500 மீட்டர் அளவுக்கு நகர்ந்தால்தான் அது தகவல் தரும், அதுவும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. தெருத் தெருவாகத் தடம் காட்ட அது உதவாது.

படி 7: வந்த புள்ளியை நம்பலாமா?

ஆண்ட்ராய்டு தரும் துல்லிய ஆரம் 68 சதவீத நம்பகத்தைக் குறிக்கிறது. "10 மீ" என்று வந்தால், மூன்றில் ஒரு முறை நீங்கள் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கலாம். ஐஓஎஸ்ஸில் துல்லியம் எதிர்மறை எண்ணாக வந்தால் அந்த இருப்பிடமே செல்லாது, அப்படியே சேமிக்காதீர்கள்.

உயரமான கட்டிடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வரும்; போன் அதை நேராக வந்ததாக நினைத்து அடுத்த தெருவில் புள்ளியை வைக்கும். எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசைகளையும் பிடிக்கும் போன்களில் இது குறைவு. மற்ற போன்களில் வடிகட்டித்தான் ஆக வேண்டும்: துல்லியம் மோசமானதை ஒதுக்குங்கள், முந்தைய புள்ளியிலிருந்து போக முடியாத வேகத்தில் வந்த புள்ளியையும் ஒதுக்குங்கள். ஆனால் கண்மூடித்தனமாக வடிகட்டினாலும் ஆபத்து. "20 மீட்டருக்கு மேல் என்றால் வேண்டாம்" என்று எழுதிய செயலி, சிக்னல் குறைந்த பகுதியில் ஒரு புள்ளிகூட ஏற்காமல் நிற்கும். அப்போது "லொகேஷன் அப்டேட் ஆகவில்லை" என்ற புகாருக்குக் காரணம் உங்கள் வடிகட்டிதான். ஒதுக்கிய புள்ளிகளையும் காரணத்தோடு லாக்கில் எழுதுங்கள். நல்ல புள்ளி சிறிது நேரம் வராவிட்டால் வரம்பைத் தளர்த்துங்கள்.

நிற்கும்போதும் புள்ளி சில மீட்டர் அலையும். புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் நடந்ததாகக் கணக்கு வரும். வேகத்தை நீங்களே கணக்கிடாமல் இருப்பிடத்தோடு வரும் வேக மதிப்பைப் பயன்படுத்துங்கள். சிப் அதைப் பெரும்பாலும் டாப்ளர் மாற்றத்திலிருந்து (நகர்வால் சிக்னலின் அலைவெண் மாறுவது) எடுப்பதால், புள்ளி அலைந்தாலும் வேகம் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும்.

புள்ளிகள் விழும் கோலமும் பேசும். எல்லாப் புள்ளியும் கட்டம் போட்ட தாளில் வைத்ததுபோல் சம இடைவெளியில் விழுந்தால், எங்கோ தசம இடங்களை வெட்டியிருக்கிறார்கள். அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். மூன்று தசம இடம் என்றால் கட்டம் 111 மீட்டர், ஐந்து என்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர். புள்ளி ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் விழுந்தால் இரண்டு மதிப்பும் பூஜ்ஜியம். தொடக்க மதிப்பு நிரப்பப்படாமலேயே அனுப்பப்பட்டிருக்கிறது. சம்பந்தமே இல்லாத நாட்டிலோ கடலிலோ விழுந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும். ஜியோஜேசன் என்ற வரைபடத் தரவு வடிவம் தீர்க்கரேகையை முதலில் எழுதும், பல வரைபட நிரலகங்கள் அட்சரேகையை முதலில் கேட்கும்.

படி 8: சர்வரும் வரைபடமும்

இதுவரை எல்லாம் சரி என்றால் மீதி சுலபம். இணையம் இல்லாதபோது இருப்பிடங்களை போனிலேயே வரிசையில் சேமித்து, பிறகு அனுப்புகிறீர்களா? அப்படியானால் அவை வரிசை மாறி வரும். கடைசியாக வந்ததைக் கடைசி இருப்பிடம் என்று எடுத்துக்கொள்ளாமல், கணிக்கப்பட்ட நேரத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். நேரத்தை மில்லி வினாடியில் அனுப்பி வினாடியாகப் படிப்பதும், உள்ளூர் நேரத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று நினைப்பதும் பழைய வியாதிகள். சர்வரில் தரவு புதிதாக இருந்து திரையில் மட்டும் பழையது தெரிந்தால், கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) அல்லது திரையை மீண்டும் வரையச் சொல்லாத நிரல்.

படி 9: திருத்திய பிறகு சோதிப்பது

பாதையின் புள்ளிகளைச் சேமிக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பு ஒன்றை வைத்து ஆண்ட்ராய்டு எமுலேட்டரிலும் (கணினியில் ஓடும் போலி போன்) எக்ஸ்கோடிலும் (ஆப்பிளின் நிரல் எழுதும் கருவி) ஒரே பாதையைத் திரும்பத் திரும்ப ஓட்டலாம். எமுலேட்டருக்கு ஒரு இருப்பிடத்தைத் தரும் ஜியோ ஃபிக்ஸ் கட்டளை கொடுப்பதானால் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை அடுத்து. நம் கை பழகிய வரிசைக்கு நேர் எதிர். எமுலேட்டர் சோதிப்பது உங்கள் நிரலின் தர்க்கத்தை மட்டுமே. டோஸ், பேட்டரி மேலாளர், சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னல் எதுவும் அங்கே இல்லை. ஆகவே, விலை குறைந்த போன் ஒன்றையும் சேர்த்து இரண்டு மூன்று மாடல்களை எடுத்து, கேபிள் இல்லாமல், திரையை அணைத்து, பையில் போட்டு, ஒரு மணி நேரமாவது நடந்தும் வண்டியில் போயும் பாருங்கள். நடுவே கொஞ்ச நேரம் அசையாமல் உட்காருங்கள். தானாக இடைநிறுத்துவதும் டோஸும் அப்போதுதான் வெளியே வரும்.

செயலிக்குள்ளேயே ஒரு பரிசோதனைத் திரையும் வைத்துவிடுங்கள். அதில் லொகேஷன் சுவிட்ச், அனுமதியின் நேரமும் துல்லியமும், பேட்டரி சேவர் நிலை, கடைசி இருப்பிடம் எத்தனை வினாடி பழையது, அதன் துல்லிய ஆரம், சர்வருக்குப் போகாமல் வரிசையில் காத்திருப்பவை எத்தனை, போன் மாடல், இயங்குதளப் பதிப்பு ஆகியவை இருக்கட்டும். கீழே "லாக்கை அனுப்பு" என்று ஒரு பொத்தான். அடுத்த முறை புகார் வரும்போது வரைபடத்துக்குப் பதில் இந்தத் திரையின் ஸ்கிரீன்ஷாட்டைக் கேளுங்கள்.